முன்னாள் படைவீரர் குடும்பமும் மாநில சர்க்கார் உதவிகளும்

கம்பம் பள்ளத்தாக்கு என்றவுடன் முல்லைப் பெரியாற்று நீரும், இருபோக நெல்லும், திராட்சைப் பந்தலுமே வெளியூராரின் நினைவுக்கு வருகின்றன. இராணுவத்தில் பணியாற்றி ஓய்வு பெற்று வந்து, வயலும் தோப்புமாக வாழ்வோரும், அவர்களை இழந்த கைம்பெண்களும் இவ்வூர்களில் உள்ளனர் என்பதை அறிந்தவர் குறைவு. இவர்கள் வட்டார வளர்ச்சி அலுவலகத்திற்கு வருங்கால் இருவகைப் பேச்சை நாம் கேட்கிறோம். “பென்ஷன் வருகிறது, அதற்குமேல் என்ன இருக்கிறது?” என்பார் ஒருவர். “சர்க்கார் எங்களுக்கு ஒன்றும் செய்யவில்லை” என்பார் மற்றொருவர். இரண்டும் ஒரே அறியாமையிலிருந்து பிறப்பவை.

ஓய்வூதியம் மத்திய சர்க்காரின் பாதுகாப்பு அமைச்சகத்தைச் சேர்ந்தது. நல உதவிகளோ பெரும்பாலும் மாநில சர்க்காரின் முன்னாள் படைவீரர் நலத் துறையைச் சேர்ந்தவை. முதல் உலகப் போர் முடிந்ததை ஒட்டி 1919-ல் இந்தியச் சிப்பாய்களுக்கென ஒரு வாரியம் ஏற்பட்டது. அதுவே 1975 முதல் கேந்திரிய சைனிக் போர்டு என வழங்குகிறது. அதன்கீழ் மாநிலத்திலும் மாவட்டத்திலும் அலுவலகங்கள் உள்ளன. அவற்றின் செலவில் நூற்றுக்கு 60 பங்கை மத்திய சர்க்காரும் 40 பங்கை மாநிலமும் ஏற்கின்றன. நமது குடும்பங்களுக்கு வாயில், தேனியிலுள்ள மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகமே.

பட்டாளத்தில் சில ஆண்டு இருந்த ஒவ்வொருவரும் ‘முன்னாள் படைவீரர்’ ஆகிவிடுவதில்லை. சிப்பாய்க்கு ஓய்வூதியம் கிடைக்கப் பதினைந்து ஆண்டுப் பணி வேண்டும். இடையில் தம் விருப்பத்தால் விலகி வந்தவர் பொதுவாக இவ்வரையறைக்குள் வரார். இது சிலருக்குக் கசப்பான செய்தி. எனினும் மனுவெழுதி அலைவதற்கு முன்னரே தெரிந்துகொள்வது நன்று. இரண்டாம் உலகப் போரின்பொருட்டுச் சேர்க்கப்பட்டுப் போர் முடிந்ததும் ஓய்வூதியமின்றி அனுப்பப்பட்டவர்களின் நிலை வேறு. அவர்களுக்கும் அவர்தம் கைம்பெண்களுக்கும் நம் மாநிலம் மாதந்தோறும் நிதியுதவி அளிக்கிறது. எங்கேனும் ஒரு சிற்றூரில் தொண்ணூறைக் கடந்த மூதாட்டி ஒருவர் இதனை அறியாதிருக்கக் கூடுமாதலால், இதை அழுத்திச் சொல்கிறோம்.

மாநில உதவிகளுள் பல ‘தொகுப்பு நிதி’யிலிருந்தும், கொடி நாள் நிதியிலிருந்தும் வருவன. 1949 முதல் ஆண்டுதோறும் டிசம்பர் 7-ஆம் நாள் கொடி விற்றுத் திரட்டுகிறோமே, அதுதான். பிள்ளைகளின் கல்வி, மகளின் திருமணம், மூக்குக் கண்ணாடி, ஈமச்சடங்கு ஆகியவற்றுக்கு உதவி உண்டு. புற்றுநோய், பக்கவாதம் போன்ற கொடிய நோயுற்றோருக்கு மாத உதவியும் உண்டு. சொந்த வீட்டில் குடியிருப்போர், சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு, ஊராட்சிக்குச் செலுத்திய வீட்டு வரியைத் திரும்பப் பெறலாம். வரி ரசீதைப் பத்திரப்படுத்துக. வேலை நாடுவோர்க்குப் போலீஸ் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் நூற்றுக்கு ஐந்து இடம் ஒதுக்கீடு. 1986-ல் நிறுவப்பட்ட டெக்ஸ்கோ கழகமும் காவற்பணி முதலியவற்றில் அமர்த்துகிறது.

ஹவில்தார் பதவிக்கு மேற்படாதவர்களுக்கு மத்திய நிதியிலிருந்தும் உதவி உண்டு. அம்மனுவும் இதே மாவட்ட அலுவலகத்தின் வழியேதான் செல்கிறது. 2025 நவம்பர் 1 முதல் அளிக்கப்படும் மனுக்களுக்கு இத்தொகைகள் இரட்டிப்பாகியுள்ளன: ஓய்வூதியமில்லாத, 65 வயது கடந்த ஏழைகளுக்கு மாதம் 8,000 ரூபாய், இரு பிள்ளைகள் வரை படிப்புக்குத் தலைக்கு மாதம் 2,000 ரூபாய், மகள் திருமணத்திற்கு ஒரு லட்சம். திருமண உதவிக்கு மணநாளிலிருந்து 180 நாட்களுக்குள் மனுச் செய்தல் வேண்டும். கல்யாணக் கடனை அடைத்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்றிருப்பவருக்கு அக்கெடு கடந்துவிடும்.

தொழில் செய்ய விரும்புவோருக்கு 2024 சுதந்திர தினத்தன்று அறிவிக்கப்பட்டு 2025 ஆகஸ்டில் தொடங்கிய ‘முதல்வரின் காக்கும் கரங்கள்’ திட்டம் உள்ளது. ஒரு கோடி ரூபாய் வரையில் வங்கிக் கடனும், அதில் நூற்றுக்கு முப்பது மூலதன மானியமும், மூன்று சதவீத வட்டி மானியமும் இதன் அம்சங்கள். பத்து லட்சம் கடன் என்றால் மூன்று லட்சம் மானியமாகிறது. பணியில் இறந்த வீரரின் கைம்பெண்ணும் இதற்கு மனுச் செய்யலாம். நமது பகுதியில் தென்னைநார், பால்பொருள், மசாலா அரைவை போன்றவற்றை எண்ணிப் பார்க்கலாம். ஆயினும் கடன் கடனே. விலைபோகும் சந்தையை முதலிற் கண்டு, பின்னர் வங்கிக்குச் செல்வதே விவேகம் என்பது நமது கருத்து.

இத்தனை உதவிகள் இருந்தும் குடும்பங்கள் வெறுங்கையுடன் திரும்புவதேன்? நாம் கண்ட வரையில் காரணம் பெரும்பாலும் பெயர். பட்டாளத்தில் சேரும் இளைஞனுக்கு மணமாகியிராது. விடுமுறையில் வந்து மணம் முடித்துத் திரும்பியபின், மனைவியின் பெயரைத் தன் படைப்பிரிவில் தெரிவிக்க வேண்டும். அது ‘பார்ட் டூ ஆர்டர்’ என்னும் உத்தரவில் ஏறும். பிள்ளைகளின் பெயரும் பிறந்த தேதியும் அவ்வாறே. எழுதும் குமாஸ்தா தமிழறியாதவராக இருக்கலாம். வீட்டில் ‘பாப்பா’ என்றழைக்கப்படும் பேச்சியம்மாள் அங்கே ‘பாப்பா’வாகவே பதிவாகிவிடுகிறாள். ரேஷன் கார்டில் பேச்சியம்மாள், ஆதாரில் பேச்சியம்மா. கணவன் உயிரோடிருக்கும் வரை இம்மூவரும் ஒருத்தியே. அவன் கண்மூடியதும் மூவரும் வெவ்வேறாகி, குடும்ப ஓய்வூதியமும் நின்று, அதையொட்டிய மாநில உதவிகளும் நின்றுவிடுகின்றன.

கணவர் இருக்கும்போதே இதனைத் திருத்துவது எளிது. கணவன் மனைவி இருவரும் பிரமாணப் பத்திரம் செய்து, செய்தித்தாளில் விளம்பரம் கொடுத்து, மாவட்ட அலுவலகத்தின் மூலம் ஆவணக் காப்பு அலுவலகத்திற்கு அனுப்பலாம். மெட்ராஸ் ரெஜிமெண்டினருக்கு அது நீலகிரியின் வெலிங்டனிலும், மெட்ராஸ் சாப்பர்ஸ் பிரிவினருக்குப் பெங்களூரிலும் உள்ளது. மாற்றுத்திறனுடைய பிள்ளை இருப்பின் அவ்விவரம் பதிவேட்டில் ஏறியே ஆகவேண்டும். பெற்றோருக்குப் பின்னும் அப்பிள்ளைக்கு வாழ்நாள் முழுதும் குடும்ப ஓய்வூதியம் கிடைக்க அதுவே வழி.

இன்னொரு சிக்கல் நமது நிலவமைப்பால் விளைவது. கம்பமெட்டும் போடிமெட்டும் ஏறி, இடுக்கி மாவட்டத்து ஏலத் தோட்டங்களில் ஆண்டுக்கணக்கில் தங்கும் குடும்பங்கள் உண்டு. கேரளத்திற்கும் தனி நல அலுவலகங்கள் உள்ளன. பதிவு ஓரிடத்தில்தான் இருக்க வேண்டும். அங்கே பாதி, இங்கே பாதி என்றிருந்தால் இரண்டு பக்கமும் கிட்டாது. குடிபெயர்ந்தால் பதிவையும் முறைப்படி மாற்றிக்கொள்க.

வீரர் காலமானால், 21 நாட்களுக்குள் கிராம நிர்வாக அலுவலரிடம் இறப்பைப் பதிவு செய்க, இதற்குக் கட்டணமில்லை. அடுத்து வட்டாட்சியரிடம் வாரிசுச் சான்று. பின்னர் டிஸ்சார்ஜ் புத்தகம், ஓய்வூதிய ஆணை, அடையாள அட்டை, வங்கிப் புத்தகம் ஆகியவற்றுடன் தேனி அலுவலகம். ஊராட்சிச் செயலர் இவ்வரிசையை அறிந்து, துக்க வீட்டாருக்கு எடுத்துரைத்தால் பாதி அலைச்சல் குறையும். குடும்ப ஓய்வூதியம் தொடங்கியபின் ஆண்டுதோறும் உயிர்வாழ்ச் சான்று அளித்தல் வேண்டும். முதியவர் தேனிக்குப் பஸ் ஏற வேண்டியதில்லை. அருகிலுள்ள பொதுச் சேவை மையத்தில் விரல்ரேகை வைத்தோ முகம் காட்டியோ முடித்துக்கொள்ளலாம்.