மீட்டர் சொல்வதும் சீட் பெல்ட் சொல்வதும்

பழைய கார் வாங்கப் போகிறவர் முதலில் கேட்கும் கேள்வி எல்லா ஊரிலும் ஒன்றுதான்: “எவ்வளவு கிலோமீட்டர் ஓடியிருக்கு?” அந்த எண்ணை வைத்தே ஆல்ட்டோவுக்கும் வேகன்ஆருக்கும் ஐ10க்கும் விலை பேசி முடிக்கிறார்கள். ஆனால் காரில் சுலபமாக மாற்றிவிடக்கூடியதும் அந்த எண்தான். டிஜிட்டல் மீட்டரைத் திருப்ப ஒரு லேப்டாப்பும் கொஞ்ச நேரமும் போதும். காலையில் 1,20,000 காட்டிய வண்டி மாலையில் 45,000 காட்டும்.

மாற்ற யாரும் மெனக்கெடாத இடங்கள் அதே காரில் நிறைய உண்டு. வண்டியின் உண்மையான வயதும் உழைப்பும் அங்கேதான் தெரியும். கிளட்ச், பிரேக் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்து, ஓட்டுநர் சீட்டின் ஓரம் அமுங்கி, கியர் தலைப்பில் எழுத்து அழிந்திருந்தால், 45,000 கிலோமீட்டர் என்பதை நம்ப வேண்டியதில்லை. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று அச்சாகியிருக்கும். 2318 என்றால் அந்த டயர் 2018ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது. காரும் 2018, டயரும் 2018, மீட்டரில் 38,000 என்றால் கணக்கு ஒத்துப்போகிறது. நான்கு டயரும் 2021 என்றால் மூன்றே ஆண்டில் ஏன் மாற்றினார்கள் என்று கேட்டே ஆக வேண்டும்.

கம்பெனி சர்வீஸ் சென்டரில் விட்ட வண்டியாக இருந்தால் ஒவ்வொரு முறையும் மீட்டர் அளவு அவர்களுடைய கணினியில் பதிவாகியிருக்கும். அதன் அச்சுப் பிரதியை வாங்கித் தரும்படி விற்பவரிடம் கேட்கலாம். வாரண்டி முடிந்ததும் வெளி மெக்கானிக்கிடம் விடுவது நம்மூர் வழக்கம். அதைக் குறையாகச் சொல்ல முடியாது. ஆனால் 2020இல் 62,000 என்று பதிவான வண்டி இன்று 48,000 காட்டினால் அதற்குமேல் பேச ஒன்றுமில்லை.

பலரும் கண்டுகொள்ளாத இன்னொரு சாட்சி இன்ஷூரன்ஸ் பாலிசி. அதில் ‘நோ கிளெய்ம் போனஸ்’ என்று ஒரு வரி இருக்கும். இழப்பீடு கேட்காமல் ஓர் ஆண்டு கழிந்தால் 20 சதவீதம், பிறகு 25, 35, 45 என்று ஏறி, ஐந்தாம் ஆண்டில் 50 சதவீதத்தில் நிற்கும். இடையில் ஒரு கிளெய்ம் போட்டாலே பூஜ்யத்துக்கு இறங்கிவிடும். ஒரே உரிமையாளரிடம் ஏழு வருடம் இருந்த கார், போனஸ் 20 சதவீதம் என்றால், இரண்டு ஆண்டுக்குள் ஏதோ ஒரு பழுதுக்குக் காப்பீட்டுப் பணம் வாங்கியிருக்கிறார்கள், அல்லது பாலிசியைப் புதுப்பிக்காமல் நெடுநாள் விட்டிருக்கிறார்கள். வெறும் பம்பர் உரசலாகவும் இருக்கலாம், முன்பக்கமே நொறுங்கியதாகவும் இருக்கலாம். பழுது பார்த்த பில்லைக் காட்டச் சொன்னால் தெரிந்துவிடும். போனஸ் குறையாமலிருக்கத் தனிச் சேர்க்கை வாங்கும் வழக்கமும் இருக்கிறது. ஆகவே 50 சதவீதம் என்பதை மட்டும் பார்த்து நிம்மதி அடைந்துவிடவும் கூடாது.

சென்னை, செங்கல்பட்டுப் பக்கம் வாங்குகிறவர்கள் தண்ணீரைப் பற்றித் தனியாக விசாரிக்க வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையிலும் கார்கள் மூழ்கியதைத் தமிழ்நாடே பார்த்தது. பழுதுச் செலவு காரின் காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் ‘டோட்டல் லாஸ்’ என்று முடித்துவிடுவார்கள். அப்படி முடிக்கப்பட்ட காரும் ஏலத்தில் கைமாறி, ஒர்க்‌ஷாப் ஏறி, வெள்ளமே பார்க்காத ஊரில் விற்பனைக்கு நிற்க முடியும். ஆர்சியில் வேளச்சேரி, முடிச்சூர் முகவரி இருப்பதாலேயே வண்டியை ஒதுக்க வேண்டாம். அந்த வெள்ள நாட்களில் வண்டி எங்கே நின்றது என்று கேட்பதில் தயக்கமும் வேண்டாம்.

வாய் என்ன சொன்னாலும், சீட் பெல்ட்டைக் கடைசிவரை வெளியே இழுத்துப் பார்த்தால் தெரியும். மூழ்கிய வண்டியில், எப்போதும் சுருண்டே கிடக்கும் அந்தக் கடைசிப் பகுதியில் சேற்றுக் கறை தங்கியிருக்கும். பெல்ட்டின் அடியில் தைத்திருக்கும் லேபிளில் தயாரிப்புத் தேதியும் இருக்கும். கார் 2016, பெல்ட் 2019 என்றால் மூழ்கியதாலோ மோதியதாலோ அது மாற்றப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். மேட்டைத் தூக்கி கார்பெட்டுக்கு அடியில் கைவிட்டுப் பார்க்க வேண்டும். சீட் ஓடும் தண்டவாளத்தில் துரு, ஸ்டெப்னி கிடக்கும் குழியில் மண் படிவு, ஒயர் கனெக்டர்களில் பச்சைக் களிம்பு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். ஏர்பேக்கை இயக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி பல கார்களில் கியருக்குக் கீழே, தரையோடு ஒட்டி இருக்கிறது. முழங்கால் அளவு தண்ணீர் உள்ளே வந்தாலே அது நனைந்துவிடும். இத்தகைய காரில் கோளாறு உடனே தெரியாது. ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து, ஒரு நாள் பவர் ஸ்டீயரிங் நிற்கும். இன்னொரு நாள் ஸ்டார்ட் ஆகாது. இந்த ஒரு குறைக்கு மட்டும் விலை குறைப்பு பேசிப் பயனில்லை. விட்டுவிட்டு அடுத்த வண்டியைப் பார்ப்பதே நல்லது.

டிங்கரிங் வேலைக்கு அப்படிப் பயப்படத் தேவையில்லை. நம் தெருக்களில் ஐந்து வருடம் ஓடிய கார் கதவில் பட்டி பார்க்காமல் இருந்தால்தான் வியப்பு. கவலைப்பட வேண்டியது ஏப்ரனும் (ஃபெண்டருக்கு உட்புறத் தகடு) பில்லரும் (கூரையைத் தாங்கும் தூண்). பானெட்டைத் திறந்து, இரண்டு பக்க ஏப்ரனிலும் கம்பெனி வெல்டிங் புள்ளிகள் சீரான இடைவெளியில் இருக்கின்றனவா, ஃபெண்டர் போல்ட்டில் ஸ்பானர் பட்ட தடம் உண்டா என்று பார்த்தால் பெரிய மோதல் மறையாது. சாவியை ஆன் செய்ததும் ஏர்பேக் விளக்கும் இன்ஜின் விளக்கும் எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் யாரோ எதையோ மறைத்திருக்கிறார்கள்.

இன்ஜினைக் குளிர்ந்த நிலையில்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். வாங்குகிறவர் வருவதற்குள் வண்டியைச் சூடாக்கி வைத்திருந்தால் பானெட்டைத் தொட்டாலே தெரியும். மறுநாள் காலை வருவதாகச் சொல்லிவிடலாம். நீலப் புகை ஆயில் எரிவதைக் காட்டும். சூடான பிறகும் விடாமல் வரும் வெள்ளைப் புகையும் ஆயில் மூடியின் அடியில் பால் நிறக் கசடும் சேர்ந்து இருந்தால் ஹெட் கேஸ்கெட் சந்தேகம்.

மாடலின் நற்பெயரையும் முழுதாக நம்ப முடியாது. ஒரே ஐ10 காரில் 1.1 லிட்டர் இன்ஜினுக்கு டைமிங் பெல்ட், 1.2 லிட்டர் கப்பா இன்ஜினுக்குச் செயின். பெல்ட்டைக் காலக்கெடு வைத்து மாற்றியாக வேண்டும். ஓடும்போது அறுந்தால் வால்வு வளைந்து ஹெட்டையே இறக்க நேரலாம். ஸ்விஃப்ட்டிலும் ரிட்ஸிலும் வந்த 1.3 லிட்டர் ஃபியட் டீசல் இன்ஜின் உழைப்புக்குப் பேர்போனது. ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போட்டவர்களிடம் அதே இன்ஜின் செயின் சத்தம் போடும். பெயர்பெற்ற புது கார்களுக்கும் குறை வருவதுண்டு: 2018 நவம்பரிலிருந்து 2019 நவம்பர்வரை தயாரான வேகன்ஆர் 1 லிட்டர், பெட்ரோல் பலேனோ கார்களில் 1,34,885 வண்டிகளை எரிபொருள் பம்ப் சந்தேகத்துக்காக மாருதி 2020இல் திரும்ப அழைத்தது. அந்தக் காலத்து வண்டி வாங்குகிறவர் சேசிஸ் எண்ணைச் சொல்லி, பம்ப் சரிபார்க்கப்பட்டதா என்று சர்வீஸ் சென்டரில் கேட்டுக்கொள்ளலாம்.

உதிரிபாகம் கிடைப்பதும் நம்பகத்தன்மையில் சேர்ந்ததுதான். ஷெவர்லே 2017 முடிவில் இந்திய விற்பனையை நிறுத்தியது. மறைமலைநகரில் ஃபிகோ தயாரித்த ஃபோர்டு, உற்பத்தியை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் அறிவித்தது. டட்சன் 2022இல் விடைபெற்றது. ஃபிகோ திடமான கார், விலையும் மலிவு. சென்னையிலோ கோவையிலோ தெரிந்த மெக்கானிக் இருந்தால் துணிந்து வாங்கலாம். சின்ன ஊர்க்காரர் ஒரு ஹெட்லைட்டுக்காக வாரக்கணக்கில் காத்திருக்கத் தயாரா என்று யோசித்துக்கொள்ள வேண்டும்.

இவ்வளவையும் ஒரே ஆள் பார்த்துவிட முடியாது. புரோக்கர் அழைத்துவரும் மெக்கானிக்கை விட்டு, தனக்குத் தெரிந்த மெக்கானிக்குக் கூலி கொடுத்துக் கூட்டிப் போவதுதான் இந்த வியாபாரத்தில் மிக லாபகரமான செலவு. லிஃப்டில் ஏற்றி அடிப்பக்கத்தையும் காட்டச் சொல்லலாம். விற்பவர் அதற்கு மறுத்தால் டோக்கன் அட்வான்ஸ் கொடுக்கக் கூடாது.

வண்டி பிடித்துப்போனால் மீதி வேலை காகிதத்தில். பழைய கடன் இருந்தால் வங்கியின் என்ஓசியும் படிவம் 35ம் வேண்டும். பெயர் மாற்றத்துக்கு 29, 30. பெயரை மாற்றாமல் ஓட்டுவது இரு தரப்புக்கும் ஆபத்து. கார் பல கை மாறியிருந்தாலும், ஆர்சியில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்தது. இன்ஷூரன்ஸையும் 14 நாளுக்குள் வாங்கியவர் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். தவறினால் சொந்த வண்டியின் சேதத்துக்குக் கேட்கும் பணம் நிராகரிக்கப்படலாம். விற்றவரின் நோ கிளெய்ம் போனஸ் வண்டியோடு வராது என்பதால், விலை பேசும்போதே அந்தப் பிரீமிய வித்தியாசத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.