தளமடைவு விகிதம்

தளமடைவு விகிதம் என்பது அடிபந்தாட்டத்தில் ஒரு மட்டையாளர் எத்தனை விழுக்காடு முறை ஆட்டமிழக்காமல் தளத்தை அடைகிறார் என்பதைக் காட்டும் அளவீடு ஆகும். அமெரிக்காவின் மேஜர் லீக் போட்டிகளில் இது 1984 ஆம் ஆண்டில் அதிகாரபூர்வ அளவீடாக ஏற்கப்பட்டது. அதற்கு முன் விளையாடிய சில மட்டையாளர்கள் இத்திறனில் மிகச் சிறந்து விளங்கியும், மட்டையடிச் சராசரி குறைவாக இருந்ததால் உரிய மதிப்பைப் பெறவில்லை.

கணக்கிடும் முறை

பந்து வீச்சாளர் ஸ்ட்ரைக் பகுதிக்கு வெளியே வீசும் பந்தை மட்டையாளர் அடிக்க முயலாமல் விட்டால் அது 'பால்' எனப்படும். நான்கு பால்கள் சேர்ந்தால் மட்டையாளர் முதல் தளத்துக்கு நடந்தே செல்லலாம். இது 'வாக்' எனப்படுகிறது. மட்டையடிச் சராசரியில் ஹிட்கள் மட்டுமே கணக்கில் கொள்ளப்படுகின்றன. வாக் அதில் இடம்பெறுவதில்லை. தளமடைவு விகிதம் பின்வருமாறு கணக்கிடப்படுகிறது:

தளமடைவு விகிதம் = (ஹிட்கள் + வாக்குகள் + உடலில் பந்து பட்டுப் பெற்ற தளங்கள்) ÷ (அடிவாய்ப்புகள் + வாக்குகள் + உடலில் பந்து பட்டுப் பெற்ற தளங்கள் + தியாக உயர் அடிகள்)

மூன்று பேர் ஆட்டமிழந்தவுடன் ஓர் அணியின் இன்னிங்சுப் பகுதி முடிந்துவிடும். ஆகவே ஆட்டமிழக்காமல் தளத்தை அடையும் ஒவ்வொருவரும் அணியின் ஓட்ட வாய்ப்பை நீட்டிக்கின்றனர். பெரும்பாலான மட்டையாளர்களின் விகிதம் 0.300 முதல் 0.350 வரை அமையும். 0.400 என்பது மிகச் சிறப்பானதாகும்.

குறிப்பிடத்தக்க மட்டையாளர்கள்

மேக்ஸ் பிஷப்: 1924 முதல் 1935 வரை விளையாடியவர். 1929, 1930 ஆம் ஆண்டுகளில் உலகத் தொடரை வென்ற பிலடெல்பியா அத்லெடிக்ஸ் அணியின் முதல் மட்டையாளர். சராசரி 0.271 மட்டுமே, தளமடைவு விகிதமோ 0.423.

ராய் கல்லன்பைன்: 1947 இல் டெட்ராய்ட் அணிக்காக 104 ஹிட்களும் 137 வாக்குகளும் பெற்றார். தொடர்ச்சியாக 22 ஆட்டங்களில் வாக் பெற்றுச் சாதனை படைத்தார். தளமடைவு விகிதம் 0.401. எனினும் சராசரி 0.224 ஆக இருந்தது. அணி அவரை விடுவித்தது. அதுவே மேஜர் லீக்கில் அவரது இறுதி ஆண்டாயிற்று.

எடி யோஸ்ட்: 'நடக்கும் மனிதர்' என அழைக்கப்பட்டவர். 1956 இல் வாஷிங்டன் அணிக்காக 0.231 சராசரியுடன் 151 வாக்குகள் பெற்றார். அவ்வாண்டின் தளமடைவு விகிதம் 0.412. 1962 இல் ஓய்வு பெற்றபோது 1,614 வாக்குகளுடன் பேப் ரூத், டெட் வில்லியம்ஸ், மெல் ஆட் ஆகியோருக்கு அடுத்த நான்காம் இடத்தில் இருந்தார்.

டெட் வில்லியம்ஸ்: பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணியைச் சேர்ந்த இவரது வாழ்நாள் விகிதமான 0.482 மேஜர் லீக் வரலாற்றில் மிக உயர்ந்ததாகும். புகழ்பெற்ற இவரும் வாக்கினால் இழப்பைச் சந்தித்தார். 1954 இல் இவரது சராசரி 0.345. ஆனால் 136 முறை வாக் பெற்றதால் இவரது அடிவாய்ப்புகள் 386 ஆகக் குறைந்தன. பட்டத்துக்கு 400 அடிவாய்ப்புகள் தேவைப்பட்டதால், 0.341 பெற்ற கிளீவ்லாந்தின் பாபி அவிலா பட்டம் வென்றார். பின்னர் விதி மாற்றப்பட்டு, மட்டையாட வந்த மொத்த முறைகள் கணக்கில் கொள்ளப்பட்டன.

வரலாறு

19 ஆம் நூற்றாண்டில் ஆட்டப் புள்ளிவிவரங்களுக்கு அடித்தளமிட்ட ஹென்றி சாட்விக், வாக் என்பது வீச்சாளரின் பிழையே என்றும் அது மட்டையாளரின் திறனன்று என்றும் கருதினார். 1887 ஆம் ஆண்டில் மட்டும் வாக்குகள் ஹிட்களாகக் கணக்கிடப்பட்டன. தளமடைவின் முக்கியத்துவத்தை பிராஞ்ச் ரிக்கி, புள்ளியியலாளர் ஆலன் ராத்தின் ஆய்வுகளைக் கொண்டு, 1954 இல் லைஃப் இதழில் விளக்கினார். எனினும் அணிகளின் நடைமுறை உடனே மாறவில்லை. 2002 இல் குறைந்த ஊதியச் செலவுடன் வெற்றி பெற்ற ஓக்லாந்து அத்லெடிக்ஸ் அணி, பிற அணிகள் குறைவாக மதிப்பிட்ட இத்திறனைத் தேடி வீரர்களைச் சேர்த்தது. 2003 இல் வெளியான மைக்கேல் லூயிசின் 'மணிபால்' நூல் இதனைப் பரவலாக அறியச் செய்தது.