கொக்கி உள்ளேயா, வெளியேயா?

பிஸ்டல் சுட்டதும் காலித் தோட்டா பக்கவாட்டில் துள்ளி விழுவதைத் திரைப்படங்களில் பார்த்திருப்போம். அப்படித் துள்ளுவதில் பெரும் பங்கு ஒரு சின்ன எஃகுக் கொக்கிக்கு. அதற்கு எக்ஸ்ட்ராக்டர் என்று பெயர். தோட்டாவின் அடிப்பகுதியைச் சுற்றி ஒரு பள்ளமும் அதையடுத்து ஒரு விளிம்பும் இருக்கும். .45 ஏசிபி தோட்டாவில் அந்த விளிம்பின் தடிமன் சுமார் 1.2 மி.மீ. கொக்கி அதைத்தான் கவ்வுகிறது. பின்னோக்கி ஓடும் ஸ்லைடு என்ற மேற்பகுதி, கொக்கி கவ்விய காலித் தோட்டாவையும் சேர்த்து இழுத்து வந்து எஜெக்டர் என்ற முனையில் மோதவைக்கிறது. மோதிய வேகத்தில் தோட்டா வெளியே தெறிக்கிறது.

பெரெட்டாவின் ஜெட்ஃபயர் என்ற குட்டி பிஸ்டலில் இந்தக் கொக்கியே கிடையாது. ஆனாலும் அது சுடும், காலித் தோட்டாவையும் துப்பும். வெடிக்கும்போது பித்தளை உறை விரிந்து குழலின் சுவரோடு ஒட்டுகிறது. அழுத்தம் குறைந்ததும் சுருங்கிச் சுவரை விடுகிறது. மிச்சமிருக்கும் வாயு அழுத்தமே அதைப் பின்னுக்குத் தள்ளிவிடும். வெடிக்காத தோட்டாவை எடுக்க மட்டும் குழலை மேலே திறக்க வேண்டும். ஆக, கொக்கியின் முக்கிய வேலைகள் இரண்டு: எஜெக்டரில் மோதும்வரை தோட்டாவை நழுவாமல் பிடித்திருப்பது, வெடிக்காமல் போனதை வெளியே இழுப்பது.

அமெரிக்க ராணுவம் 1911இல் ஏற்றுக்கொண்ட ஜான் பிரவுனிங்கின் பிஸ்டலில் கொக்கி உள்ளே ஒளிந்திருக்கிறது. ஏறக்குறைய விரல் நீளத்தில் ஓர் எஃகுத் துண்டு, ஸ்லைடுக்குள் குடைந்த நீளத் துளையில் கிடக்கும். அதன் முன்முனையில் கொக்கி. பின்முனையை ஒரு சிறு தகடு பிடித்திருக்கும். தனி ஸ்பிரிங் கிடையாது. துண்டை லேசாக வளைத்திருப்பார்கள். அந்த வளைவுதான் ஸ்பிரிங். கூர்முனை ஒன்றால் சுடும் ஊசியை உள்ளே அழுத்தித் தகட்டைக் கீழே நகர்த்தினால் துண்டு கையோடு வந்துவிடும். போர்முனையில் நிற்கும் சிப்பாய்க்கு இதைவிட எளிய ஏற்பாடு வேறென்ன வேண்டும்? தேர்வுச் சோதனையில் 6,000 குண்டுகளை ஒருமுறைகூடச் சிக்காமல் சுட்டது இந்த பிஸ்டல்.

சிக்கல் உலோகத்தில் இருக்கிறது. கொக்கி தேயாமலிருக்க எஃகு கடினமாக இருக்க வேண்டும். ஸ்பிரிங்காக வேலை செய்ய அதே எஃகு வளைந்து நிமிரவும் வேண்டும். கடினம் கூடினால் கொக்கி முனை உடையும். குறைந்தால், பலமுறை விரித்த ஹேர்பின் போலப் பிடி தளரும். அதனால் ஒவ்வொரு துண்டையும் கைதேர்ந்தவர் வளைத்துச் சரிசெய்ய வேண்டியிருக்கிறது. குழலைக் கழற்றிவிட்டு, மருந்தில்லாத டம்மி தோட்டாவைக் கொக்கிக்குள் நுழைத்து ஸ்லைடை மெல்ல ஆட்டிப் பார்ப்பார்கள். விழாமல் நின்றால் அழுத்தம் சரி. இன்னொரு நிபந்தனையும் உண்டு. தோட்டா, மேகசின் என்ற தோட்டாப் பெட்டியிலிருந்து மேலெழும்போது அதன் விளிம்பு கீழிருந்து கொக்கிக்குள் சறுக்கி ஏற வேண்டும். 1898ஆம் ஆண்டின் மவுசர் ரைபிளிலும் இதே ஏற்பாடுதான். மேகசினில் வைக்காமல் தோட்டாவை நேரே குழலில் போட்டு ஸ்லைடை விட்டால், கொக்கி விளிம்பின்மேல் ஏறித் தாண்ட வேண்டியிருக்கும். அப்படிச் செய்யச் செய்ய முனை சிதையும்.

ஸ்லைடின் வெளிப்பக்கத்தில் பொருத்தும் வெளிக்கொக்கி, கவ்வும் வேலையையும் ஸ்பிரிங் வேலையையும் பிரித்துவிடுகிறது. கொக்கி தனி, சுருள் ஸ்பிரிங் தனி. வளைந்து நிமிர வேண்டுமே என்ற கவலையின்றிக் கொக்கியைக் கடினமாகச் செய்யலாம். சுருளில் கம்பியின் நீளம் முழுவதும் சுமையைப் பங்கிட்டுக்கொள்வதால் அது எளிதில் களைப்பதில்லை. வளைத்துப் பார்க்கும் கைப்பக்குவம் தேவையில்லை. விளிம்பைத் தாண்டுவதும் அதற்குப் பெரிய பாரமில்லை. உதிரிகள் கூடுகின்றன, ஸ்பிரிங் துளையில் கரி சேர்கிறது, பல மாடல்களில் கழற்றச் சிறு உலோக முளையைத் தட்டி எடுக்க வேண்டும் என்பவை குறைகள். இது புதிய யோசனையும் அல்ல. ஜெர்மனியின் லூகர் பி08இல் கொக்கி வெளியேதான் இருந்தது. குழலில் தோட்டா இருந்தால் கொக்கி சற்றே மேலெழும்பி, பக்கத்தில் பொறித்த எழுத்தைக் காட்டும். பெரெட்டா 92இல் எழுத்துக்குப் பதில் சிவப்பு வண்ணம். உயிர்காக்கும் இந்த எச்சரிக்கையே வெளிக்கொக்கியின் மிகப் பெரிய லாபம் என்பேன்.

பிரவுனிங் தொடங்கிவைக்க, அவர் மறைவுக்குப் பின் 1935இல் வெளிவந்த ஹை-பவர் பிஸ்டல் முதலில் உள்கொக்கியோடுதான் வந்தது. 1960களில் வெளிக்கொக்கிக்கு மாறியது. நம் நாட்டில் ஈஷாபூர் தொழிற்சாலை தயாரிக்கும் 9 மி.மீ. பிஸ்டல் இந்த ஹை-பவரின் வழிவந்தது.

ஆயிரக்கணக்கில் தயாரிப்பதற்கு வெளிக்கொக்கியே பொருத்தம் என்பது என் கருத்து. அதற்காக பிரவுனிங்கைக் குறை சொல்வது நியாயமில்லை. அவர் கேட்டது நல்ல ஸ்பிரிங் எஃகு. பின்னாளில் சில தயாரிப்பாளர்கள் செலவைக் குறைக்க, உலோகத் தூளை அச்சில் வார்த்துக் கொக்கி செய்தார்கள். பழி வடிவமைப்பின்மேல் விழுந்தது. 2003இல் ஸ்மித் அண்ட் வெசன் பிரவுனிங்கின் 1911 பிஸ்டலைத் தழுவிய தன் மாடலுக்கு வெளிக்கொக்கி வைத்தது. அதே காலத்தில் இதை முயன்ற இன்னொரு அமெரிக்க நிறுவனம் சில ஆண்டுகளில் கைவிட்டு உள்கொக்கிக்கே திரும்பிவிட்டது. கொக்கியின் கோணமும் ஸ்பிரிங்கின் பலமும் பொருந்தாவிட்டால், வெளியே வைத்தாலும் தோட்டா சிக்கத்தான் செய்யும்.