விலா எலும்பு கைக்குத் தட்டுப்படுகிறதா?

சிப்பிப்பாறை நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு தெருவில் நடந்தால் யாராவது ஒருவர் நிறுத்திக் கேட்பார்: "இதுக்குச் சோறே போட மாட்டீங்களா?" அடுத்த வீட்டு லேப்ரடார் நாலடி நடப்பதற்குள் மூச்சிரைத்து உட்கார்ந்துவிடும். அதைப் பார்த்து அதே ஆள், "நல்லா வளர்த்திருக்கீங்க" என்பார். விலா எலும்பு லேசாகத் தெரிவது சிப்பிப்பாறைக்கும் கன்னிக்கும் இயல்பு. வேட்டையில் ஓடப் பிறந்த உடம்பு அது. இடுப்பே இல்லாமல் உருண்டிருப்பது எந்த நாய்க்கும் இயல்பில்லை. கொழுகொழுவென்று இருந்தால் ஆரோக்கியம் என்று நம் கண் பழகிவிட்டது.

அதனால் கண்ணை விட்டுவிட்டுக் கையை நம்புங்கள். முதலில் உங்கள் ஒரு கையை விரித்து, அதன் புறங்கையை மறுகை விரல்களால் தடவிப் பாருங்கள். மெல்லிய தோலுக்கு அடியில் எலும்புகள் வரிசையாகத் தட்டுப்படும். நாயின் நெஞ்சுக்கூட்டை அழுத்தாமல் தடவும்போது விலா எலும்புகள் அப்படியே தட்டுப்பட்டால் எடை சரி. உள்ளங்கையைத் தடவுவதுபோல மெத்தென்று இருந்தால் கொழுப்பு கூடிவிட்டது. மேலிருந்து பார்த்தால் இடுப்பு ஒடுங்கித் தெரிய வேண்டும். பக்கவாட்டில் வயிறு மேலேறியிருக்க வேண்டும். ஸ்பிட்ஸ் போன்ற சடைமுடி நாய்களை முடி மறைத்துவிடும் என்பதால் கைதான் அளவுகோல். பூனைக்கும் இதே சோதனைதான். ஆனால் அதன் அடிவயிற்றில் தொங்கும் தளர்ந்த தோலைத் தொப்பை என்று நினைத்துவிடாதீர்கள். அது பிறவி அமைப்பு.

கூடுதல் எடை என்ன செய்யும் என்பதற்கு அழுத்தமான சான்று லேப்ரடார்களிடமிருந்தே கிடைத்தது. 2002-இல் வெளியான ஆய்வு அது. ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளை இணை இணையாகப் பிரித்து, மொத்தம் 48 நாய்களை வாழ்நாள் முழுக்கக் கவனித்தார்கள். இணையில் ஒன்றுக்கு மற்றதைவிடக் கால் பங்கு உணவு குறைவு. அதிகம் உண்டவற்றின் இடைநிலை ஆயுள் 11.2 ஆண்டுகள், குறைவாக உண்டவற்றுக்கு 13. மூட்டு நோயும் அவற்றுக்குத் தாமதமாகவே வந்தது. ஏறக்குறைய இரண்டு வருட வாழ்வைத் தட்டில் குறைந்த அந்தக் கால் பங்கு கொடுத்திருக்கிறது.

எடை கூடிய பூனைகளைச் சர்க்கரை நோய் எளிதில் பிடிக்கும். நம் ஊர்க் கோடையில் நாய்க்கு வேறோர் ஆபத்தும் உண்டு. நம்மைப்போல் உடம்பெல்லாம் வியர்க்காமல், நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்தே அது சூட்டைத் தணித்துக்கொள்கிறது. கொழுப்புப் போர்வை போர்த்திய, மூக்கு சப்பையான பக் நாயைக் கத்திரி வெயிலில் நடத்திச் செல்வது உயிருக்கே ஆபத்து. விடிகாலையும் பொழுது சாய்ந்து தரை ஆறிய பிறகும்தான் நடைக்கு ஏற்ற நேரம்.

எடை எப்படி ஏறுகிறது? ஒரு கணக்குப் போடுவோம். 8 கிலோ நாய் சும்மா படுத்துக் கிடப்பதற்கே ஒரு நாளைக்குச் சுமார் 310 கலோரி வேண்டும். ஒரு குளுக்கோஸ் பிஸ்கட்டில் ஏறத்தாழ 25 கலோரி. காலைக் காபியோடு அப்பா இரண்டு, பள்ளிக்குக் கிளம்பும் பிள்ளை இரண்டு, மத்தியானம் பாட்டி இரண்டு. ஆறு பிஸ்கட்டில் 150 கலோரி, அதாவது அந்த 310-இல் கிட்டத்தட்டப் பாதி, தயிர்சாதத்துக்கு முன்பே உள்ளே போய்விட்டது. ஒருவர் கொடுத்தது இன்னொருவருக்குத் தெரியாது. நாயும் சொல்லாது. லேப்ரடார்களில் ஏறத்தாழ நாலில் ஒன்றுக்குப் பசியை அடக்கும் மரபணுவிலேயே குறை இருப்பதை 2016-இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். அந்தக் கண்கள் கெஞ்சும்போதெல்லாம் வயிறு காலி என்று பொருளில்லை.

எடையைக் குறைக்க முதல் வேலை கால்நடை மருத்துவரைப் பார்ப்பது. தைராய்டு குறைவு, ஸ்டீராய்டு மருந்து, வயிற்றில் நீர் கோத்தல் போன்றவையும் எடையை ஏற்றும். அவற்றுக்குச் சாப்பாட்டைக் குறைப்பது மருந்தாகாது. அரசு கால்நடை மருந்தகங்களிலும் செல்லப்பிராணிகளைக் காட்டலாம். சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. பிறகு வீட்டில் ஒருவர் மட்டும் உணவளிக்கட்டும், கண்ணளவில் இல்லாமல் எடைபோட்டு. தின்பண்டம் மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. நாய்க்குப் பிஸ்கட்டுக்குப் பதில் வேகவைத்த கேரட், பீன்ஸ் கொடுங்கள். வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட் ஆகியவை நஞ்சு. கருத்தடை செய்தபின் கலோரித் தேவை குறைந்துவிடும். அன்றிலிருந்தே அளவைக் குறைக்க வேண்டும்.

நாய்க்கு வாரம் 1 முதல் 2 சதவீதம் எடை குறைந்தால் போதும். பூனையிடம் இன்னும் நிதானம் வேண்டும். பருத்த பூனை இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தாலே கல்லீரலில் கொழுப்பு படிந்து இறக்க நேரிடலாம். பூனையை ஒருபோதும் பட்டினி போடாதீர்கள்.

உணவோடு நடையும் வேண்டும்; சட்டமும் இதில் வருகிறது. 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம், பிராணியின் நலனைப் பேணுவது வளர்ப்பவரின் கடமை என்கிறது. எந்நேரமும் சங்கிலியிலோ அடைப்பிலோ வைத்த நாய்க்குத் தகுந்த உடற்பயிற்சி தராமல் விடுவதை 11-ஆவது பிரிவு கொடுமையாகவே எண்ணுகிறது. முதல் குற்றத்துக்கு அபராதம் வெறும் 10 முதல் 50 ரூபாய் என்பது வெட்கக்கேடு. ஆனால் குற்றம் குற்றம்தான். நடத்திச் செல்லும் உரிமை உங்களுக்கும் உண்டு. நாயை லிஃப்டில் ஏற்றக் கூடாது என்று அடுக்குமாடிச் சங்கம் தடை போட முடியாது என இந்திய விலங்குகள் நல வாரியத்தின் 2015 வழிகாட்டுதல் சொல்கிறது. கயிற்றில் பிடித்துச் செல்வதும், கழிவை அள்ளுவதும் உங்கள் பொறுப்பு.

இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் நாயையோ பூனையையோ தூக்கிக்கொண்டு வீட்டு எடை மெஷினில் ஏறுங்கள். பிறகு தனியாக ஏறிக் கழித்துப் பாருங்கள். தூக்க முடியாத நாயென்றால் மருத்துவமனை எடைமேடைக்குக் கூட்டிப்போங்கள். அந்த எண்ணைக் காலண்டரில் குறித்து வைத்து, அடுத்த மாதம் அதே தேதியில் மறுபடி எடை போடுங்கள்.