தூங்கும் குழந்தை காரிலேயே இருக்கட்டுமா?

காஞ்சிபுரத்தில் பட்டுப்புடவை எடுத்தாயிற்று. பக்கத்தில்தானே திருப்புட்குழி, விஜயராகவப் பெருமாளையும் சேவித்துவிடலாம் என்று காரைத் திருப்புகிறீர்கள். வறுத்த பயறு முளைத்தால் பிள்ளை பிறக்கும் என்று நம்பிப் பெண்கள் வருகிற கோயில்!

வாசலில் சுள்ளென்று வெயில். பின்சீட்டில் குழந்தை அயர்ந்து தூங்குகிறது. ‘எழுப்பினா அழுவான். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வெச்சுட்டு அஞ்சு நிமிஷத்துல வந்துடலாம்’ என்று தோன்றும். வேண்டவே வேண்டாங்க! (தீர்த்தம், சடாரி வாங்கி வர எவ்வளவு நேரமாகும் என்பது உங்களுக்கே தெரியும்.)

வெயிலில் நிற்கும் காருக்குள் பத்தே நிமிடத்தில் சுமார் 10 டிகிரி செல்சியஸ் ஏறிவிடும். வெளியே 35 என்றால் உள்ளே 45! விரற்கடை கண்ணாடி இறக்கியும் பெரிய பலனில்லை. குழந்தையின் உடம்போ பெரியவர்களைவிட 3 முதல் 5 மடங்கு வேகமாகச் சூடேறும். உடல் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து.

அழுதாலும் பரவாயில்லை, தூக்கிக்கொண்டு போங்கள். அல்லது ஒருவர் நிழலில் குழந்தையோடு இருக்க, மாறி மாறிச் சேவியுங்கள். திரும்பியதும் நான்கு கதவையும் திறந்து அனல் போனபிறகே ஏறுங்கள்.

குழந்தை உடம்பு கொதித்துத் துவண்டிருந்தால் நிழலுக்குக் கொண்டுபோய், உடையைக் களைந்து, ஈரத்துணியால் துடைத்து விசிறுங்கள். மயக்கத்தில் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். உடனே 108-க்குப் போன் செய்யுங்கள்.