முகம் காட்டாத பணிப்பெண்

"ராத்தா, இவவுக்கு முகம் இல்லையா?"

டொம் அண்ட் ஜெரி பார்த்துக்கொண்டிருந்த என் தம்பி கேட்ட கேள்வி இது. தும்புத்தடியோடு டொமை விரட்டி வரும் கறுப்பினப் பணிப்பெண்ணைத்தான் அவன் காட்டினான். திரையில் தெரிந்தவை அவருடைய கால்களும் செருப்பும் மட்டுமே. இத்தனை வருடங்களாக அந்தப் படங்களைப் பார்த்துச் சிரித்த எனக்கு அந்தக் கேள்வி ஒருநாளும் தோன்றியதில்லை. எனவே தேடிப் படித்தேன்.

வில்லியம் ஹனா, ஜோசப் பார்பெரா ஆகிய இருவரும் அமெரிக்காவின் எம்.ஜி.எம். நிறுவனத்தில் 1940ஆம் ஆண்டு இத்தொடரைத் தொடங்கினர். முதற் படத்திலேயே இந்தப் பெண் வருகிறார். 1952 வரை இடையிடையே தோன்றுகிறார். ரசிகர்கள் இவரை 'மெமி டூ ஷூஸ்' என்று அழைக்கின்றனர். வெள்ளையர் வீடுகளில் வேலை செய்து, அவர்களின் பிள்ளைகளை வளர்த்த கறுப்பினப் பெண்களைக் குறித்த சொல்லே 'மெமி'. குரல் கொடுத்தவர் லிலியன் ரண்டொல்ஃப் என்ற கறுப்பின நடிகை. பருத்த உடல், உரத்த குரல், கொச்சை ஆங்கிலம் என்பதே அன்றைய ஹொலிவூட் கறுப்பினப் பெண்ணுக்கென்று வைத்திருந்த அச்சு. அதே அச்சில்தான் இவரும் வார்க்கப்பட்டார்.

இங்கே இரண்டு வகைச் சிரிப்பு இருக்கிறது. டொம் சுவரில் மோதித் தட்டையாகும்போது அவன் செய்த குறும்புக்காகச் சிரிக்கிறோம். குண்டு வெடித்து அவன் முகம் கறுத்து, கறுப்பினத்தவரைக் கேலி செய்யும் வேடம்போல மாறும்போதோ, ஒரு மக்களின் தோற்றத்தைப் பார்த்துச் சிரிக்க வைக்கப்படுகிறோம். முதலாவது நகைச்சுவை. இரண்டாவது பரிகாசம்.

இதை எப்படித் திருத்துவது? 1960களில் தொலைக்காட்சிக்காகச் சில படங்களில் அப்பெண்ணை நீக்கி, வெள்ளைக்காரப் பெண்ணை வரைந்து சேர்த்தார்கள். லிலியனின் குரலும் போனது. அவமதிப்பை நீக்கப் போய் ஆளையே நீக்கிவிட்டார்கள். மெக்சிக்கோ எலியான ஸ்பீடி கொன்சாலஸின் கதை வேறு. 1999இல் கார்ட்டூன் நெட்வேர்க் அவனை ஒளிபரப்பாமல் நிறுத்தியது. ஆனால் அமெரிக்காவிலுள்ள லத்தீன் அமெரிக்க வம்சாவளி மக்கள் பலர், பூனைகளை வெல்லும் அந்தக் கெட்டிக்கார எலி தங்களுக்கு வேண்டும் என்றார்கள். 2002இல் அவன் திரும்பி வந்தான். புண்பட்டோமா இல்லையா என்பதை அந்த மக்களிடமே கேட்க வேண்டும் என்பது இதிலிருந்து விளங்குகிறது.

இது அமெரிக்கக் கதை மட்டுமல்ல. பழைய தமிழ்ப் படங்கள் சிலவற்றில் வரும் முஸ்லிம் பாத்திரத்தை நினைத்துப் பாருங்கள். தொப்பியும் தாடியுமாக வந்து, "நம்பள், நிம்பள்" என்று உடைந்த தமிழ் பேசுவார். அரங்கம் சிரிக்கும். ஒருமுறை ரியூஷன் வகுப்பில் பக்கத்திலிருந்த தோழி என்னிடம், "நீங்கள் வீட்டிலையும் தமிழோ கதைக்கிறனீங்கள்?" என்று கேட்டாள். அவள் நல்லவள், கேலிக்காகக் கேட்கவில்லை. உம்மா தாலாட்டியதும், நான் இந்தக் கட்டுரையை எழுதுவதும் தமிழில்தான் என்பது அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. எங்களைப் பற்றி அவள் பார்த்த சித்திரங்களில் அது இல்லை.

ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தாரைப் பரிகசிக்க வேண்டாமென அல்குர்ஆனின் சூரா அல்ஹுஜுராத் 11ஆம் வசனம் தடுக்கிறது. பெண்களைத் தனியாகக் குறிப்பிட்டும் அதையே சொல்கிறது. சிரிப்பை அது தடுக்கவில்லை; இழிவுபடுத்துவதைத்தான் தடுக்கிறது.

அப்படியானால் பழைய படங்களைப் பார்க்கக் கூடாதா? பார்க்கலாம், விளங்கிக்கொண்டு பார்க்கலாம். தம்பிக்கு நான் சொன்ன பதிலும் அதுதான்: "அவவுக்கு முகம் இருக்கு. படம் வரைஞ்சவங்கதான் அதைக் காட்டல்ல."

நாளை எங்களில் ஒருத்தி கதை எழுதலாம், படம் வரையலாம், நாடகம் போடலாம். அன்று, நம்மைப் போலில்லாத ஒருவரைக் கால்களோடு நிறுத்திவிடாமல் முகத்தையும் வரைவோம்.