விலை சொல்லும் ஆசை

மரவள்ளிக் கிழங்கைப் பிடுங்கி மூன்று நாள் போட்டுவைத்தால் உள்ளே கறுத்துவிடும். பத்து மாதம் காத்திருந்து வளர்த்தவருக்கு, விற்கும்போது மட்டும் காத்திருக்க வழியில்லை. ஜவ்வரிசி செய்யும் சேகோ மில்லில் மாவுச்சத்து எத்தனை பாயிண்ட் என்று பார்ப்பார்கள். அதை வைத்து விலை. பாயிண்ட் பார்ப்பதும் அவர்கள், விலை சொல்வதும் அவர்கள். லோடு இறக்கிய பிறகு என்ன பேரம் பேச?

ராசிபுரம், ஆத்தூர் பக்கத்து இளைஞர்களைக் கிழங்கு பதப்படுத்தும் தொழிலுக்குள் இழுப்பது மானியம் என்று அதிகாரிகள் நினைக்கிறார்கள். அப்பா மில் வாசலில் நின்றதைப் பார்த்து வளர்ந்த கோபம்தான் என்பேன் நான்.

கண்முன்னே முன்மாதிரியும் இருக்கிறது. உலகப் போரில் வெளிநாட்டு ஜவ்வரிசி வரத்து நின்றபோது, 1943-ல் சேலம் வியாபாரி மாணிக்கம் செட்டியார், பினாங்கில் தொழில் பழகிய போபட்லால் ஷாவோடு சேர்ந்து மரவள்ளி மாவில் ஜவ்வரிசி செய்யத் தொடங்கினார். பின்னாளில் ஆலைக்காரர்களே வியாபாரிகளிடம் மாட்டிக்கொண்டு தவித்தபோது, 1981-ல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார்கள். கோழிப்பண்ணைத் தொழிலில் மறு ஆண்டே பி.வி. ராவ் முன்னின்று தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழுவை அமைத்தார். 'என் முட்டை, என் விலை, என் வாழ்க்கை' என்பது அவர் முழக்கம். இன்று நாமக்கல் முட்டை விலை செய்தித்தாளில் வருகிறது. கிழங்கு போடுபவர்களுக்கு அப்படி ஒரு குழு அமையவில்லை.

இளைஞர்கள் இந்தத் தொழிலுக்கு வர இன்னொரு காரணம், யாரும் மேடையில் சொல்லாதது: பெண் கிடைப்பதில்லை. காடு தோட்டம் எவ்வளவு இருந்தாலும், "விவசாயம் பார்க்கிறான்" என்றால் பெண் வீட்டார் யோசிக்கிறார்கள். அதே பையன் கிழங்கைச் சீவி, காயவைத்து, மாவாக்கி, ஒரு பெயர்ப்பலகை மாட்டினால் "கம்பெனி வைத்திருக்கிறான்" ஆகிவிடுகிறான். சிரிப்புதான் வருகிறது. ஆனாலும் பல சிப்ஸ் மிஷின்களை ஓடவைத்தது இந்தப் பலகைதான் என்பது என் சந்தேகம்.

மிஷினுக்குப் பணம் புரட்டுவது இப்போது அத்தனை கஷ்டமில்லை. 2020-ல் வந்த குறு உணவுப் பதப்படுத்தும் திட்டத்தில் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை மானியம் உண்டு. சிக்கல் அதற்கு அப்புறம். காய்ந்த சரக்கை நல்ல விலை வரும்வரை வைத்திருக்க வேண்டும். அதற்குள் கடன் தவணை வந்துவிடும், அடுத்த பட்டத்துக்கு உரமும் வாங்கியாக வேண்டும். அவசரத்தில் வந்த விலைக்குத் தள்ளிவிட்டால் பழையபடி மில் வாசல்தான். சரக்கை இருப்பு வைத்துப் பொருளீட்டுக் கடன் வாங்க ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களில் வசதி உண்டு. தன் சரக்குக்கு அது கிடைக்குமா என்பதை, புதிதாக இறங்குகிறவர் மிஷின் விலை கேட்பதற்கு முன்பே விசாரித்துக்கொள்வது நல்லது.